தூக்கத்தின் மேல் பதினோரு பிராது

திங்கட்கிழமை காலை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்க வீட்டுக்காரர் ஒரு முடிவு சொன்னார்.

"புதன்கிழமை நான் தூங்கப் போறேன்."

அவர் தூங்காத கிழமை எது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கேட்டால் சிரிப்பார். சிரித்தால் விழுவார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிரிப்பு வந்தால் அவருக்கு முழங்கால் இரண்டும் விட்டுப்போகும். மடிந்து உட்காருவார், அப்புறம் சாய்வார், அப்புறம் தரை. காது கேட்கும். கை கால் மட்டும் வராது. இரண்டு நிமிஷம் போனால் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்வார். அதனால் ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை. டிவியில்கூட செய்தியும் சாமி பாட்டும்தான்.

இது வியாதி என்று போன வருஷம்தான் தெரிந்தது. மகள் கயல்விழி அவரைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கச் சொன்னார்களாம். நினைத்த நேரத்தில் தூக்கம் வருகிற நோய், சிரித்தால் விழுகிற நோய், இரண்டும் ஒன்றுதான், மூளை செய்கிற வேலை, மனுஷன் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லி, 'நார்கோலெப்சி' என்று பேர் எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு அருள்மேரி வேலியோரம் நின்று கேட்டாள்.

"என்ன வியாதின்னாங்க அக்கா?"

"நார்கோலெப்சி."

"நாட்டுக்கோழியா? அது நல்லதுன்னுல்ல சொல்லுவாங்க."

"கோழி இல்ல மேரி. தூக்க வியாதி."

"அண்ணன் தூங்குறதுக்கு ஆஸ்பத்திரியில பேரு வேற வச்சிருக்காங்களா? நீங்க வச்ச பேரே நல்லா இருந்துச்சே அக்கா."

நான் வைத்த பேர் 'தூங்குமூஞ்சி'. இருபத்தொன்பது வருஷமாக அதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். கர்த்தர்மேல் ஆணையாகத் தப்பாகச் சொல்லவில்லை என்று மேரி பிறகு வருத்தப்பட்டாள். அவள் என்ன செய்வாள். தெருவுக்கு அந்தப் பேரைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அவருக்கு வேலை பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுவது. எங்கள் விருத்தாசலத்தில் பொம்மை, கப்பு, விளக்கு என்று எதையாவது அச்சில் வார்த்துச் சூளையில் சுடுகிற பட்டறைகள் நிறைய உண்டு. ஒரு பட்டறையில் இவர் தூரிகை பிடித்தால் பொம்மை உங்களைத் திரும்பிப் பார்க்கும். ஆனால் வலது கண் எழுதி முடித்து இடது கண் தொடங்குவதற்குள் இவருடைய இரண்டு கண்ணும் மூடிவிடும். தூரிகை மட்டும் காதுவரை போகும். இந்தத் தை மாசம் சூளைப் பக்கமாகச் சரிந்துவிட்டார். முதலாளி திருமால் நல்ல மனுஷர். பதறிப்போய் வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? வூட்டுலயே இருங்க."

அதோடு வேலை போனது.

கயல்விழிதான் வழி சொன்னாள். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் மாசாமாசம் அரசாங்க உதவித்தொகை கேட்கலாம். அதற்கு மருத்துவ முகாமில் டாக்டர் பார்த்து, நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் பாதிப்பு என்று எழுத வேண்டும்.

"தூக்கத்துக்கு எப்படிம்மா சதவீதம் போடுவாங்க?" என்று கேட்டார் இவர்.

"அது அவங்க வேலைப்பா. நீங்க போய்ச் சேருங்க போதும்."

அதுதான் நடக்கவில்லை. முதல் முகாமுக்கு, பொம்பளைத் துணையோடு போனால் கௌரவமில்லை என்று தனியாகப் பஸ் ஏறினார். ஊருக்குள்ளேயே பாலக்கரையில் இறங்க வேண்டியவரை ஸ்ரீமுஷ்ணத்தில் கண்டக்டர் எழுப்பிவிட்டார். அங்கே கோயிலில் பூவராகரைக் கும்பிட்டு, புளியோதரை சாப்பிட்டு, திரும்புகிற பஸ்ஸிலும் தூங்கிச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். நோய் இருக்கிறது என்று சொல்லப் போனவரை அந்த நோயே போகவிடவில்லை. அடுத்த முகாமையும் விட்டால் ஆறு மாசம் ஆகுமாம். வீட்டில் அரிசி அதுவரை பொறுக்காது.

அதனால்தான் இந்தப் புதன்கிழமைத் திட்டம்.

"டாக்டர் கண்ணு முன்னாடியே தூங்கிக் காட்டுறேன். காயிதத்தைப் பாத்து நம்ப மாட்டாங்க. ஆளைப் பாத்தா நம்பித்தானே ஆவணும்?"

"நெனச்சப்ப வருமாங்க?"

"வர வைப்பேன். செவ்வாக்கெழம ராத்திரி முழுக்க முழிச்சிருப்பேன். காலையில பழைய சோறும் கெட்டித் தயிரும். நீ கூட வரணும், பஸ்ஸுல எழுப்பிவிட. ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க."

"உள்ள நீ வாயைத் தொறக்கக் கூடாது. நீ ஆரம்பிச்சா நம்ம கல்யாணத்துலேர்ந்து சொல்லுவ. கொளஞ்சியப்பர் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்தச் சாமி பேரில் சத்தியம் பண்ணத்தான் எனக்குக் கூச்சம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கொளஞ்சியப்பர் மணவாளநல்லூரில் இருக்கிற எங்கள் பக்கத்து முருகன். அவருக்குக் குறையை வாயால் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுபோல் தேதி, ஊர், பேர் போட்டுப் பிராது எழுத வேண்டும். காலடியில் வைத்து, பொட்டலமாக மடித்து, நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். வழக்கு தீர்ந்தால் 'ராஜினாமா' என்று இன்னொரு காகிதம் எழுதிப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

நான் என் புருஷன் மேல் பதினோரு பிராது கட்டியிருக்கிறேன்.

அவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்து அவரேதான் ஒவ்வொரு தடவையும் மணவாளநல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஜன்னல் வழியாக ஒரு முழம் பூ வேறு வாங்கிக் கொடுப்பார்.

எட்டாவது வரைதான் படித்தேன். சாமிக்குப் போகிற காகிதத்தில் அடித்துத் திருத்தக் கூடாது என்று முதலில் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிப் பார்த்து, பிறகு நல்ல காகிதத்தில் எழுதுவேன். அந்த நோட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. செவ்வாய்க்கிழமை கயல்விழி போன் செய்தாள்.

"எப்பலேர்ந்து இப்படின்னு கேப்பாங்கம்மா. ஆதாரம் ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கிட்டுப் போ. பழைய சீட்டு, எதுவா இருந்தாலும்."

பழைய சீட்டு ஏது? வியாதி என்று தெரிந்தால்தானே சீட்டு வாங்குவார்கள். அடுப்படியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். நாலாவது பக்கத்துக்கு மேல் படிக்கக் கூசியது. மூடி, மஞ்சள் பையில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தேன். தேவைப்படக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டேன்.

புதன்கிழமை முகாம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மின்விசிறி சத்தம், வெயில், இருநூறு பேர். ஒரு மணி நேரத்தில் பாதி ஜனம் சுவரில் சாய்ந்துவிட்டது. டோக்கன் கொடுத்த தம்பி கொட்டாவி விட்டார். எனக்கே கண் சொருகியது. அந்த ஹாலில் சுத்தமாக விழித்திருந்த ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர்தான். ராத்திரி முழுக்க விழித்தவர், சட்டித் தயிர் சாப்பிட்டவர், கண் இரண்டும் புதுசாகச் சுட்ட கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தார். பயம். பயந்தால் அவருக்குத் தூக்கம் எட்டிப் பார்க்காது.

பக்கத்தில் ஊன்றுகோலோடு பக்கிரி என்று ஒருவர், திட்டக்குடிக்காரர், பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு என்னங்க?"

"தூக்கம்."

"எனக்கும்தான். காலையில அஞ்சு மணிக்குப் பஸ் ஏறுனது."

"இல்லைங்க, எனக்குத் தூக்கம்தான் வியாதி."

பக்கிரி இவரைத் தலையிலிருந்து காலுக்கும், காலிலிருந்து தலைக்கும் பார்த்தார்.

"அதுக்குக் கூடவா குடுக்குறாங்க? எங்க வூட்டுல என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு நூறு சதவீதமே குடுக்கலாம்."

எனக்குத் திக்கென்றது. நல்லவேளை, இவருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம்தான் சுருங்கியது. "நெசமாவே வியாதிங்க" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இதே வார்த்தையை வேறு மாதிரி எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருப்பார். 'எனக்கே தெரியல நாயகி.' 'வேணும்னு தூங்கல நாயகி.' ஒரு தடவையும் நான் நம்பியதில்லை.

"கலியமூர்த்தி, டோக்கன் முப்பத்தொண்ணு" என்று கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. பக்கத்தில் எழுதுகிறதுக்கு ஒரு பெண். புதுச்சேரி ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"நோய் இருக்குதுன்னு எழுதியிருக்காங்க ஐயா. ஆனா வாழ்க்கையை எவ்வளவு பாதிக்குது, எத்தனை வருஷமான்னு நான்தான் எழுதணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கம் வருது?"

இவர் திட்டத்தை ஆரம்பித்துவிட்டார். தலை மெதுவாகச் சாய்ந்தது. கண் மூடியது. அப்புறம் ஒரு குறட்டை, சைக்கிள் பம்ப் மாதிரி.

எனக்கு உயிரே போனது. அவர் நிஜமாகத் தூங்கும்போது குறட்டை விடமாட்டார். ஒரு சத்தம் இருக்காது. பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

"ஐயா, எழுந்து நில்லுங்க."

எழுந்து நின்றார்.

"இங்க நடிக்கிறவங்களை நான் தினமும் பாக்குறேன். இப்படிப் பண்ணுனா உள்ளதையும் எழுத முடியாது."

"இல்ல டாக்டரம்மா, நெசமாவே எனக்கு..."

"அப்ப ஏன் நடிக்கிறீங்க?"

இருக்கிற வியாதியையே நடித்து மாட்டிக்கொண்ட மனுஷர். என்னைத் திரும்பிப் பார்த்தார். சத்தியத்தை விட்டுவிட்டுப் பேசு என்கிறாரா, பேசாதே என்கிறாரா, தெரியவில்லை. டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம். பையைத் திறக்க மாட்டேன் என்று இல்லையே. நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது என்னம்மா?"

நான் வாயைக் கையால் பொத்திக் காட்டினேன். இவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். டாக்டரம்மா முதல் பக்கத்தைப் பிரித்து, எழுதுகிற பெண்ணுக்காகச் சத்தமாகவே படித்தார்.

"'அருள்மிகு கொளஞ்சியப்பர் சாமிக்கு விருத்தாசலம் பெரியநாயகி எழுதிக்கொண்ட பிராது. தேதி 18-7-1997. என் புருஷன் சாப்பிடும்போதே சோற்றில் முகத்தை வைத்துத் தூங்குகிறார். ரசம் மூக்கில் போகிறது. நேற்று மூன்று தடவை. கேட்டால் தெரியவில்லை என்கிறார். இது என்ன திமிர் என்று சாமிதான் கேட்க வேண்டும்.'"

எழுதுகிற பெண்ணின் பேனா நின்றது. டாக்டரம்மா அடுத்த பக்கம் திருப்பினார்.

"'பொம்மைக்கெல்லாம் கண் வைக்கிறவர் தன் கண்ணைத் திறந்து வைக்க மாட்டேன் என்கிறார். இந்த நவராத்திரிக்குப் போன நாற்பது கிருஷ்ணனுக்கும் ஒற்றைக் கண்தான். முதலாளி அதைக் கண்ணடிக்கிற கிருஷ்ணன் என்று சொல்லி விற்றுவிட்டார்.'"

இவர் வாய் ஓரம் இழுத்தது. எனக்குப் பகீரென்றது. சிரிக்கக் கூடாதே என்று பதறுவது ஒரு வருஷப் பழக்கம். இங்கே சிரித்து விழுந்தால் நல்லதுதானே என்று புத்திக்கு எட்ட நேரமாயிற்று.

"'பாப்பா காதுகுத்துக்கு என் அண்ணன் ஏதோ சொல்ல, சிரித்து அப்படியே மடிந்து விழுந்தார். குடித்திருக்கிறார் என்று சனம் பேசியது. அவர் குடிக்க மாட்டார். ஆனால் நான் மறுத்துச் சொல்லவில்லை. சோம்பேறியின் பெண்டாட்டி என்பதற்குக் குடிகாரன் பெண்டாட்டி மேல் என்று இருந்துவிட்டேன்.' இது எந்த வருஷம்மா? ரெண்டாயிரத்து ஒண்ணு. சிரிச்சா விழறதை அப்பவே எழுதி வச்சிருக்கீங்க."

டாக்டரம்மா குரல் மாறிவிட்டது. வேகமாகப் புரட்டினார்.

"'மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொடுக்கும்போது நின்றபடியே தூங்கிவிட்டார். பிடியை விடவில்லை. தாலி கட்ட மாப்பிள்ளைக்குக் கை வேண்டும். ஐயர் மந்திரத்தை மூன்று தடவை சொன்னார். கடைசியில் மாப்பிள்ளை மாமா மாமா என்று கெஞ்சி...'"

அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் வெடித்துச் சிரித்தார். அடுத்த நொடி அச்சிலிருந்து ஈரத்தோடு எடுத்த பொம்மை மாதிரி குழைந்து, நாற்காலியைத் தொட்டு, நழுவி, தரையில் கிடந்தார்.

டாக்டரம்மா ஓடிவந்து மண்டியிட்டு, கண்ணில் டார்ச் அடித்து, முழங்காலைத் தட்டிப் பார்த்தார். எழுதுகிற பெண்ணிடம் நிறைய இங்கிலீஷில் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே போனாள். சாமி, ஆச்சு, என்று எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. அப்போது அந்தப் பெண், பாவம், உதவி செய்வதாக நினைத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் படித்தாள்.

"இதையும் சேர்க்கணுமா மேடம்? 'சாமி, பத்துப் பிராது கட்டியும் நீ கேட்கவில்லை. இவருக்கு ஒரு பெரிய நோவாகக் கொடு. படுக்கையில் கிடந்தால்தான் இவருக்குப் புத்தி வரும்.'"

அவர் தரையில் கிடந்தார். காது கேட்கும் என்று சொன்னேன் இல்லையா. பாதி மூடிய கண் என் பக்கம் இருந்தது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல், நான் சாமியிடம் கேட்டதை முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

"அதை எழுத வேணாம்" என்றார் டாக்டரம்மா.

ஐம்பது சதவீதம் என்று போட்டார்கள். "அப்ப பாதித் தூக்கமா அக்கா?" என்று வீட்டுக்கு வந்ததும் அருள்மேரி கேட்டாள். அட்டை தபாலில் வர இருபது நாள் ஆகும் என்றார்கள்.

அந்த இருபது நாளும் அவர் என்னிடம் பேசவில்லை. கோபமாக ஒன்றும் இல்லை. போட்டதைச் சாப்பிட்டார். தண்ணீர் பிடித்து வைத்தார். நான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன சொல்வது? உங்களுக்கு அந்த நோவு முன்னாடியே இருந்தது, நான் கேட்டு வரவில்லை என்று சொல்லலாமா? கேட்டது கேட்டதுதானே. பூஜையில் உட்கார்ந்தால் சாமி முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் தூங்கும்போது ஒருநாள் தலையில் சொம்புத் தண்ணீர் ஊற்றியது, சோறு போடாமல் தட்டைக் கவிழ்த்தது, பிள்ளைகள் எதிரே பேசியது எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

இருபத்தோராம் நாள் அட்டை வந்தது. உதவித்தொகைக்குக் கயல்விழி விண்ணப்பம் போட்டாள். நான் அவர் எதிரே போய் நின்றேன்.

"கோயிலுக்கு வரீங்களா? ராஜினாமா எழுதணும்."

தலையை ஆட்டினார். பஸ்ஸில் அவர் தூங்கினார். நான் தோளைக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

கோயிலில் காகிதம் வாங்கினபோது அங்கிருந்தவர் கேட்டார்.

"காரியம் முடிஞ்சுதாம்மா?"

"முடியலைங்க. பிராதே தப்பு."

"தப்பான பிராதுக்கு யாரும் ராஜினாமா எழுதுனதில்லையேம்மா."

"நான் எழுதுறேங்க."

நோட்டில் எழுதிப் பார்க்கவில்லை. நேராகவே எழுதினேன். பதினோரு பிராதையும் வாபஸ் வாங்குகிறேன். குற்றவாளி அவர் இல்லை, நான். இனி அவர் கண் மூடினால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், உங்கள் மேல் சத்தியம். சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது.

"எழுதிக் குடுத்தாச்சா?" என்றார். இருபத்தோரு நாளில் முதல் பேச்சு.

"குடுத்தாச்சுங்க."

"அழுவாத நாயகி. நீ எழுதுனது தப்பில்ல. வியாதின்னு எனக்கு மட்டும் தெரியுமா? நானும் என்னைச் சோம்பேறின்னுதான் நெனச்சேன்."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் அழுகை முட்டியது. அவர் என் முந்தானையை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

"கோவத்துலதானேங்க இத்தினி நாளா பேசாம இருந்தீங்க?"

"கோவமா? பயம்."

"என்ன பயம்?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"அந்த நோட்டுல எழுதியிருக்கியே, அதுல எல்லாம் நெசம். மூணு தடவை மட்டும் நான் தூங்கல. நீ பேசி முடிக்கட்டும்னு கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன். வாயைத் தொறந்தா உங்கிட்ட உளறிடுவேன், நீ நேரா டாக்டரம்மாகிட்டப் போயி சொல்லிடுவ, அட்டை வராமப் போயிடும்னு பயம்."

"எந்த மூணு தடவைங்க?"

அவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். சத்தமில்லை. நிஜமா, நடிப்பா என்று உலுக்கிக் கேட்கக் கை போனது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அதைக் கேட்கிற உரிமையையும் சேர்த்துத்தான் நான் ராஜினாமா செய்திருக்கிறேன்.